லேட்டா வந்தா மூணு ரவுண்டு

பி.டி. மிஸ் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறார். பம்பின் அடிப்பலகையை இரண்டு கால்களாலும் மிதித்துக்கொண்டு, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்கிறார். புஸ் புஸ்ஸென்று சத்தம் அறையை நிறைக்கிறது. வாசலில் கணக்கு மிஸ் வந்து நிற்கிறார். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் உங்க பீரியடைக் கொடுங்க மிஸ், போர்ஷன் முடியல." பம்பு நிற்பதில்லை. "எடுத்துக்குங்க" என்கிறார் பி.டி. மிஸ். கணக்கு மிஸ் தலை மறைந்ததும் அந்தப் பந்தை நான் தட்டிப் பார்க்கிறேன். கல்லாக இருக்கிறது. இவருடைய கோபத்தை முகத்தில் தேடிப் பிரயோஜனமில்லை, பந்தில்தான் தேட வேண்டும். பரீட்சை நெருங்குகிற மாதங்களில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பந்தை உதைக்கிறவன் கால் பிழைப்பது கஷ்டம்.

நான் ஓவிய ஆசிரியன். எங்கள் இரண்டு பேருக்கும் மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. ஒரு பக்கம் என் தூரிகைகளும் வண்ணக் குப்பிகளும், இன்னொரு பக்கம் அவருடைய வளையங்கள், கயிறுகள், சுருட்டி வைத்த பாய்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். பரீட்சையில் வராத பாடத்துக்கு இவ்வளவு இடமே அதிகம் என்று நிர்வாகம் நினைத்திருக்கலாம். ஓவிய வகுப்பும் உடற்பயிற்சி வகுப்பும் இங்கே பொதுக்குழாய் மாதிரி. யார் வேண்டுமானாலும் குடத்தோடு வந்து பிடித்துக்கொண்டு போகலாம். 'ஒரு நாள் மட்டும்' என்று வாங்கிப் போன பீரியடை இதுவரை ஒரு மனிதர் திருப்பித் தந்ததாக நான் பார்த்ததில்லை. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பி.டி. மிஸ்ஸுக்கு வருகிறேன்.

ஐம்பதைத் தொடப்போகிற வயது. டிராக் பேன்ட், அதற்கு மேல் முழங்கால் வரை தொங்கும் பருத்திச் சட்டை, இழுத்துக் கட்டிய கொண்டை. யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார். வந்தவர் வந்த காரியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இவர் அவருடைய நடையைப் படித்து முடித்திருப்பார். அலுவலக எழுத்தர் ஒருநாள் சாவி கேட்டு வந்தார். "சார், செருப்பை ஒரு பக்கமாவே தேய்க்கிறீங்களே, இடுப்பு வலிக்குதா?" என்றார் மிஸ். எழுத்தர் குனிந்து செருப்பைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு யார் சொன்னா? என் வீட்டுக்காரி போன் பண்ணாளா?" என்று கேட்டார். அவர் வீட்டில் என்ன நடந்ததோ, அதற்கப்புறம் சாவி கேட்டு ஆள் அனுப்புகிறாரே தவிர அவர் வருவதில்லை.

என்னையும் விட்டு வைத்ததில்லை. "நீங்க கோடு போடுறப்போ மூச்சை நிறுத்திடுறீங்க, டிராயிங் சார். கோடு நேரா வரும், நீங்க சாய்ஞ்சிடுவீங்க" என்றார் ஒருநாள். சும்மா கிண்டல் என்று நினைத்தேன். அன்று மாலை வீட்டில் ஒரு நீளக் கோடு இழுத்துப் பார்த்தேன். உண்மைதான்.

பிள்ளைகளுக்கு எதிரே நின்று உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு தொழில் வழக்கம் உண்டு. 'வலது கையைத் தூக்கு' என்று வாய் சொல்லும்போது தங்கள் இடது கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் எதிரே இருக்கும் பிள்ளைக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும், குழப்பம் வராது. பாதி வாழ்க்கையை இப்படியே ஓட்டியதில் பி.டி. மிஸ்ஸுக்கு உலகமே இடம் வலம் மாறிப்போய்விட்டது. அலுவலகம் எங்கே என்று இவரிடம் வழி கேட்ட பெற்றோர்கள் பையன்கள் கழிப்பறை வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். கார் ஓட்டும் பரீட்சைக்குப் போனபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி "வலது" என்றதும் இவர் சளைக்காமல் இடது பக்கம் திருப்பினார். இடது பக்கம் ஒட்டி வந்த பால் வண்டிக்காரர் கெட்டிக்காரர், ஒதுங்கிக்கொண்டார். "அவர் சொன்னது சரிதான் சார். நான் அவருக்கு எதிர்ல நின்ன மாதிரி திருப்பிட்டேன்" என்று வந்து சொன்னார். இன்றுவரை பஸ்ஸில்தான் வருகிறார்.

இவர் வீட்டு மனிதர்களை நினைத்தால் எனக்குப் பரிதாபம்தான். கணவர் தெருமுனையில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. 'மெஷின் ஒரு பக்கம் தள்ளுறப்போ நீங்க ஒரு தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்க' என்பது வீட்டு உத்தரவு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்று வருகிறவர்களை மனிதர் சிரித்த முகத்தோடு வரவேற்கிறார். தடித்த ஆராய்ச்சிக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு கல்லூரிப் பிள்ளைகள் வந்தால்தான் முகம் தொங்கிப்போகிறது. "பக்கத்துத் தெருவுல இன்னொரு கடை இருக்கு தம்பி, அங்க பிரிண்ட் நல்லா இருக்கும்" என்று அவரே வாடிக்கையாளரை விரட்டியதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

மாமியாருக்கு வேறு சட்டம். தொலைக்காட்சியில் தொடர் ஓடும்போது உட்காரலாம். விளம்பரம் வந்தால் கைப்பிடியைத் தொடாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்து எழ வேண்டும். கூடத்தில் அவருடைய நாற்காலிக்குக் கைப்பிடியே இல்லை, மருமகள் தச்சரை வைத்து அறுத்து எடுத்துவிட்டார். "கதை நல்லாத்தான் போகுது. இந்தச் சோப்புக்காரன்தான் என்னைக் கொல்றான்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் முறையிட்டார் அந்த அம்மாள். போன வருடம் வரை குளியலறைக்குப் போகவே துணை தேவைப்பட்டவர், முறையிட்டுக்கொண்டே தானாக எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்படி எல்லோரையும் ஆட்டி வைக்கிற இந்தப் பெண்மணி, ஒரு விஷயத்தில் மட்டும் மலை மாதிரி அசைய மாட்டார். உடற்பயிற்சியைத் தண்டனையாகக் கொடுக்க மாட்டார், யார் கொடுத்தாலும் பார்த்துக்கொண்டிருக்கவும் மாட்டார். வீட்டுப்பாடம் எழுதாதவன், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளியவன் என்று வகுப்பாசிரியர்கள் யாரையாவது "நாலு ரவுண்டு ஓட விடுங்க மிஸ்" என்று அனுப்பினால், ஓட விடாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். "எங்கிட்ட ஓடணும்னா ஆசைப்பட்டு வரச் சொல்லுங்க."

எங்கள் அறையின் பரண்மேல் ஒரு மரப்பெட்டி கிடக்கிறது. அதில் மரத்தால் கடைந்த சிறிய டம்பெல்கள். இந்தப் பள்ளிக்கூடம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நடந்த காலத்தில் வாங்கியவை. ஒரு மத்தியானம் அவற்றைத் துடைத்துக்கொண்டே பேசினார். "எங்க காலேஜ்ல இதோட சரித்திரமெல்லாம் படிச்சோம் சார். அந்தக் காலத்துல பையனுங்களுக்குப் பட்டாளத்து டிரில். பொண்ணுங்களுக்கு இந்தப் பொம்மைக் கட்டை. இதுக்கு மேல தூக்கினா வாடிப் போயிடுவோமாம்! ஆனா பேரை மட்டும் அழகா வச்சாங்க. கலிஸ்தெனிக்ஸ். கிரேக்கத்துல அழகு, பலம், இந்த ரெண்டு சொல்லையும் சேர்த்து வச்ச பேரு. இதுல தண்டனைங்கிற அர்த்தம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு நானும் தேடிக்கிட்டே இருக்கேன்."

ஒரு டம்பெல்லை என் கையில் கொடுத்தார். வெண்டைப்பிஞ்சு கனம்கூட இல்லை. "இன்னொண்ணு கேளுங்க. இப்ப ஜிம்முல போய் ஆசையா ஓடுறாங்களே டிரெட்மில், அதோட தாத்தா ஜெயில்ல பிறந்தது. கைதிங்களைச் சக்கரத்துல ஏத்தி மிதிக்க விட்டாங்க, தண்டனையா. அப்புறம் இது மனுஷத்தனம் இல்லைன்னு அவங்களே நிறுத்திட்டாங்க. ஜெயில்காரனே விட்டுட்டான் சார். பள்ளிக்கூடத்துக்காரன் இன்னும் விடல."

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். சேர்ந்த நாளிலிருந்து உடற்பயிற்சி பீரியட் வந்தால் அவளுக்கு வயிறு வலிக்கும். மற்ற பீரியடில் வலிக்காது. கூடப் படிக்கும் பிள்ளைகள் அவளுக்கு 'வயித்துவலி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, எப்போதும் சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டே இருப்பாள். பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மாதான் பி.டி. மிஸ்ஸிடம் விஷயத்தை உடைத்தார். "வீட்ல பாட்டுப் போட்டா குதியாட்டம் போடுவா மிஸ். மைதானம்னாதான் நடுங்குறா. முன்ன படிச்ச ஸ்கூல்ல ஏதோ நோட்டு மறந்துட்டான்னு பையைத் தோள்ல மாட்டி ரவுண்டு ஓட விட்டிருக்காங்க. மொத்த ஸ்கூலும் ஜன்னல்ல நின்னு சிரிச்சுதாம். அவ பின்னாடியே பேர் சொல்லிக் கத்தினாங்களாம். அன்னைக்கு ராத்திரி சாப்பிடல."

பி.டி. மிஸ் அந்தப் பெண்ணிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வயிறு வலிக்குதா? சரி, உக்காரு" என்று சுவரோரம் ஒரு பெஞ்சைப் போட்டுக் கொடுத்தார். மருந்து எடுத்துக்கொள், ஒரு சுற்று நடந்து பார் என்று எதுவும் சொன்னதில்லை. ஆனால் அவர் செய்த திருட்டு வேலையை நான் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாரமும் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அந்தப் பெஞ்சை ஒரு சாண் மைதானத்தை நோக்கித் தள்ளி வைப்பார். பெஞ்சுக் கால் பதிந்த தடத்தை மண் போட்டு மூடிவிடுவார். அரையாண்டுப் பரீட்சை முடிந்தபோது பெஞ்சு ஓடுபாதையின் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஓரடி தூரத்தில் இருந்தது. பந்து அவள் காலடியில் வந்து உருளும். முதலில் கையால் எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் உட்கார்ந்தபடியே காலால் தள்ளினாள். ஒருநாள் எழுந்து நின்று உதைத்தாள். பந்து எங்கோ போனது. அன்றைக்கு மிஸ் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "உதைச்சா சார்! நல்ல உதை!" என்று என் மேசையைத் தட்டியதில் நீல வண்ணக் குப்பி கவிழ்ந்தது. எனக்குக் கோபம் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் துணை முதல்வருக்கு ஒழுக்கத்தின் மேல் காதல் வந்தது. அவர் கணக்கு வாத்தியாரும்கூட. ஓரத்தில் கோடு போடாவிட்டால் ஒரு மதிப்பெண், தேதி போடாவிட்டால் ஒரு மதிப்பெண் என்று கழித்துக்கொண்டே போவதால் பிள்ளைகள் அவரை 'மைனஸ் சார்' என்பார்கள். கேட்டுக்கு உட்புறம் அவர் கையெழுத்திலேயே ஒரு பலகை மாட்டினார். 'லேட்டா வந்தா மூணு ரவுண்டு'. பள்ளிக்கூடத்துப் பலகையில் பேச்சுத் தமிழா என்று தமிழாசிரியர் முணுமுணுத்தார். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்றார் துணை முதல்வர். பிள்ளைகளுக்குப் புரிந்தது.

முதல் நாளே பள்ளிக்கூடத்துப் பஸ் தாமதம். ஆமாம், பள்ளிக்கூடத்தின் சொந்தப் பஸ்தான்! சக்கரம் பஞ்சராகி வழியில் நின்றுவிட்டது. அதிலிருந்து இறங்கிய பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? சக்கரத்தைக் கடித்தார்களா? கேட்பாரில்லை. பையைக் கழற்றக்கூட விடாமல் எல்லோரையும் மைதானத்தில் இறக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார் துணை முதல்வர். ஓட்டுநர் நிழலில் நின்று வேடிக்கை பார்த்தார். கடைசி ஆளாக, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல்களிலெல்லாம் தலைகள் முளைத்தன. ஒருவன் "வயித்துவலி! வயித்துவலி!" என்று கைதட்டினான்.

பாய்களை வெயிலில் போடுவதற்காக வெளியே வந்த பி.டி. மிஸ் அதைப் பார்த்தார். பாயைப் போட்டது போட்டபடி மைதானத்தைக் குறுக்கே கடந்து போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"சார், நிறுத்தச் சொல்லுங்க."

"என்ன மிஸ் நீங்க? உங்க டிபார்ட்மென்டுக்குத்தான் உதவி பண்றேன். ஓடினா உடம்புக்கு நல்லதுதானே?"

"கணக்கும்தான் மூளைக்கு நல்லது. லேட்டா வர்றவங்களுக்குப் பத்துப் பெருக்கல் கணக்கு கொடுங்களேன்."

"கணக்கு பாடம், மிஸ்."

"அப்ப இது என்ன சார்?"

துணை முதல்வர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை மூன்று ரவுண்டு ஓட விட்டிருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி இருக்கு" என்றார். பி.டி. மிஸ் நேராகப் போய் அந்தப் பெண்ணின் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, மற்றப் பிள்ளைகளையும் வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டார். ஆனால் காரியம் கெட்டுப் போயிருந்தது. அடுத்த உடற்பயிற்சி பீரியடில் பார்த்தால் பெஞ்சு சுவரோரம் இருந்தது. யாரும் தள்ளவில்லை, அந்தப் பெண்ணே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரை வருட வேலை. அந்த மனிதர் ஒரு காலை நேரத்தில் அதைத் துடைத்து எறிந்துவிட்டார், அப்படி ஒன்று இருந்தது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

பி.டி. மிஸ் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறு வேலை பார்த்தார். அடுத்த நாள் வேண்டுமென்றே பந்தைச் சாக்கடையில் உதைத்த மூன்று பையன்களைக் கூப்பிட்டார். "தண்டனை வேணுமில்ல? மைனஸ் சார்கிட்ட போங்க. ஆளுக்குப் பத்துப் பெருக்கல் கணக்கு போட்டுட்டு வாங்க. தண்டனைக்கு வந்திருக்கோம்னு சொல்லணும், மறந்துடாதீங்க." துணை முதல்வர் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மூவரும் போய் வரிசையாக நின்றார்கள். "சார், தண்டனைக்கு வந்திருக்கோம். பி.டி. மிஸ் பத்துப் பெருக்கல் கணக்கு போடச் சொன்னாங்க." வகுப்பு குபீரென்று சிரித்தது. பக்கத்து அறையிலிருந்த எனக்கு அவர் அலறியது தெளிவாகக் கேட்டது. "கணக்கு என்னடா தண்டனையா? கணக்கை என்னன்னு நினைச்சீங்க?"

பி.டி. மிஸ் நிறுத்தவில்லை. வரிசையில் தள்ளியவர்களுக்கு வகுத்தல். அழுகுணி ஆட்டம் ஆடியவர்களுக்குப் பின்னம். ஆட்டத்தில் கெட்ட வார்த்தை பேசிய ஒருவன் வட்டத்தின் பரப்பளவு கண்டுபிடிக்க அனுப்பப்பட்டான். அந்த வாரம் முழுக்க துணை முதல்வரின் வகுப்பு வாசலில் குற்றவாளிகள் நோட்டும் பென்சிலுமாக நின்றார்கள். "கணக்கு நல்லதுதானே சார், மூளைக்கு" என்று ஆசிரியர்கள் அறையில் எல்லோர் முன்னாலும் மிஸ் கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொல்ல முடியாத மனிதர் என்ன செய்வார்? மேலே போய்ச் சொல்வார்.

முதல்வர் அம்மா நல்லவர், யாரையும் புண்படுத்த மாட்டார். அதனாலேயே அவரிடம் யாருக்கும் நியாயம் கிடைத்ததில்லை. பி.டி. மிஸ்ஸை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஆற அமரப் பேசினார். "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க. பலகை மாட்டியாச்சு, எடுத்தா அவருக்கு மரியாதை இல்ல. நீங்க ஒண்ணு பண்ணுங்க. திங்கட்கிழமையிலிருந்து காலையில நீங்களே நின்னு லேட்டா வர்றவங்களை ஓட வைங்க. நீங்க பண்ணா அதுல ஒரு முறை இருக்கும்." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முடியாதுன்னா வெளிப்படையா சொல்லிடுங்க. பட்டாளத்துல டிரில் கொடுத்தவர் ஒருத்தர், உங்க இடத்துக்கு வரத் தயாரா இருக்கார். நிர்வாகம் பேசி வச்சிருக்கு" என்றார்.

விளையாட்டு ஆசிரியர் என்றால் அவ்வளவு கிள்ளுக்கீரை! கணக்கு மிஸ்ஸிடம் இப்படிப் பேசுவார்களா? போர்ஷன் முடிக்காதவர்களையெல்லாம் மடியில் வைத்துக் கொஞ்சுகிற நிர்வாகம், இத்தனை வருடம் வெயிலில் நின்ற மனுஷியைச் செருப்பு மாற்றுவதுபோல மாற்றப் பார்க்கிறது. நான் அறைக்குள் கத்தினேன். பி.டி. மிஸ் கத்தவில்லை. பந்துகள் காற்றில்லாமல் மூலையில் கிடந்தன, பம்பைத் தொடவில்லை.

"வேலை போனா போகட்டும் சார். வீட்டுக்காரர் கடையில நின்னு காகிதம் அடுக்குவேன். அது இல்ல என் கவலை. நான் போனா அந்த ஆள் வந்து ஓட விடுவான். நான் இருந்தா நான் ஓட விடணும். அந்தப் பொண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். யார் விசில் அடிச்சா என்ன? மைதானம்னா அவமானப்படுற இடம்னு அவ மனசுல ஒட்டிக்கிச்சு. இனிமே எந்த வயசுலயும் ஓட மாட்டா, குதிக்க மாட்டா. நாப்பது வயசுல டாக்டர் நடங்கன்னு சொன்னாக்கூட கண்ணுல தண்ணி வரும். அந்த உடம்பு அவளோடது சார். அதை அவகிட்டேருந்து பிடுங்கிட்டாங்க."

"திங்கக்கிழமை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றார். அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை மணி அடித்தபின் ஏழு பிள்ளைகள் கேட்டுக்குள் வந்தார்கள். பலகைக்குக் கீழே வரிசையாக நின்றார்கள், பழகிவிட்டது. மேல்மாடி வராந்தாவில் துணை முதல்வர் கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார். உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்க்க வேண்டுமே. வகுப்பு ஜன்னல்களில் வழக்கம்போல் தலைகள். எட்டாம் வகுப்பு ஜன்னலில் அந்தப் பெண்ணும் இருந்தாள். அன்றைக்கு அவள் சீக்கிரமே வந்துவிட்டிருந்தாள். அந்தப் பலகை வந்ததிலிருந்து தினமும் அப்படித்தான் வருகிறாள், பள்ளிக்கூடத்துப் பஸ்ஸை நம்பாமல், விடிந்தும் விடியாததுமாக.

"பையை எடுத்துக்கிட்டு கிளாஸுக்குப் போங்க" என்றார் பி.டி. மிஸ்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரவுண்டு, மிஸ்?"

"அதை நான் பாத்துக்கறேன். போங்க, முதல் பீரியட் ஆரம்பிச்சாச்சு."

ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கைகளை உதறிவிட்டு, சுண்ணாம்புக் கோட்டில் இறங்கி ஓட ஆரம்பித்தார். அவசரமில்லாத ஓட்டம். தோள் ஆடவில்லை, முகம் நேராக இருந்தது. மேலேயிருந்து குரல் வந்தது. "மிஸ்! என்ன இது? என்ன பண்றீங்க?"

"தலைக்கு மூணு ரவுண்டு சார்" என்று ஓடிக்கொண்டே சொன்னார். "ஏழு பேரு. எவ்வளவுன்னு நீங்களே பெருக்கிக்குங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் ஓடினால் சிரிப்பு வரத்தானே செய்யும். மூன்றாவது சுற்றில் சிரிப்பு குறைந்தது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அவருடைய சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. துணை முதல்வர் கீழே இறங்கி வந்து கோட்டோரம் நின்று, "போதும் மிஸ், எல்லாரும் பாக்கறாங்க" என்றார். "பாக்கட்டும் சார், அதுக்குத்தானே இது?" என்று அவரைக் கடந்து போனார். முதல்வர் அம்மா அலுவலக வாசல் வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றோடு இவர் வேலைக்கு முழுக்குத்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. இருக்கட்டும். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

எத்தனையாவது சுற்று என்று நான் எண்ணவில்லை. மாடிப்படியில் யாரோ இறங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அந்தப் பெண். பை இல்லை. சுவரோரமிருந்த பெஞ்சைத் தாண்டி வந்து, கோட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். ஜன்னலில் இருந்தவர்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கி, முதலில் நடந்தாள், அப்புறம் நடையும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் ஒரு மாதிரி போனாள்.

பி.டி. மிஸ் பின்னாலிருந்து வந்து அவளை எட்டினார். ஏதாவது சொல்லிவிடுவாரோ, தட்டிக்கொடுத்துவிடுவாரோ, அவள் கூசிப்போய்த் திரும்பிவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். அவர் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வட்டத்தில் உள்கோட்டை ஒட்டி ஓடுகிறவருக்குத்தான் தூரம் குறைவு. அதுவரை அதை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தவர், வேகத்தை அவளுடைய வேகத்துக்குக் குறைத்துக்கொண்டு, ஓரடி வெளியே தள்ளி ஓடி, உள்கோட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.